வீடு கட்ட எத்தனை மீட்டர் தள்ளிப் போகணும்? (காட்டுப்பள்ளிக் கரையும் கட்டட விதிகளும்)

கையில் பணம் இருந்தால் வீடு கட்டிவிடலாம் என்று நினைப்பவர்கள் அதிகம். சிமெண்ட் இத்தனை மூட்டை, கம்பி இத்தனை டன், கொத்தனார் கூலி இவ்வளவு என்று எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதி வைத்திருப்பார்கள். பிளான் அப்ரூவலுக்குப் போன பிறகுதான் இன்னொரு கணக்கு இருப்பது தெரியவரும். மனை சொந்தம்தான், பத்திரமும் கையில் இருக்கிறது. ஆனாலும் முன்பக்கம் கொஞ்சம் விடு, பக்கத்தில் கொஞ்சம் விடு, இதற்கு மேல் உயரம் போகாதே, மொத்த இடத்தில் இவ்வளவுதான் கட்டு என்று அரசாங்கம் சொல்லும். "என் இடத்தில் நான் கட்டுவதற்கு இவர்கள் யார்?" என்று கோபம் வரும். நியாயமான கோபம்தான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் நம் ஜன்னலை அடைத்துச் சுவர் எழுப்பும் நாளில் அதே விதியைத் தேடி ஓடுவதும் அதே ஆள்தான்!

இந்த விதிகள் மூன்று வகை. முதலாவது செட்பேக், அதாவது எல்லையிலிருந்து தள்ளிக் கட்டுவது. இரண்டாவது உயரம். மூன்றாவது, மனையில் எத்தனை பங்கு கட்டலாம் என்பது. இதில் எல்லாத் தளங்களின் பரப்பையும் கூட்டி மனையின் பரப்பால் வகுத்தால் கிடைக்கும் எண்ணுக்குத் தளப் பரப்புக் குறியீடு என்று பெயர். பேச்சு வழக்கில் எப்.எஸ்.ஐ. தமிழ்நாட்டில் 2019-ல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி சாதாரணக் கட்டடங்களுக்கு இது 2. ஒரு கிரவுண்டு மனை, அதாவது 2,400 சதுர அடி இருந்தால் எல்லா மாடியும் சேர்த்து 4,800 சதுர அடி வரை கட்டலாம். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

உலகத்தில் இது எங்கே பெரிதாக ஆரம்பித்தது என்று தேடினால் நியூயார்க் வந்து நிற்கும். அங்கே 1915-ல் ஈக்விடபிள் பில்டிங் என்று 38 மாடிக் கட்டடம் ஒன்றைத் தெருவோரத்திலிருந்து நேராக வானத்துக்கு எழுப்பினார்கள். அதன் நிழலில் சுற்றுப்பட்ட தெருக்கள் இருண்டுபோயின. அடுத்த வருடமே, 1916-ல், உயரம் கூடக் கூடக் கட்டடம் உள்ளே ஒதுங்க வேண்டும் என்ற விதி வந்துவிட்டது. சென்னை மாகாணத்திலும் 1920-லேயே நகரமைப்புச் சட்டம் வந்தது. வெளிச்சம், காற்று, தீ பிடித்தால் வண்டி போக வழி, மழைநீர் இறங்க மண் என்று இவற்றுக்கெல்லாம் காரணம் உண்டு. யாரும் வேண்டுமென்றே தொல்லை கொடுக்க எழுதியதில்லை.

சரி, இதற்கும் காட்டுப்பள்ளிக்கும் என்ன சம்பந்தம்?

சென்னைக்கு வடக்கே, எண்ணூர் முகத்துவாரத்தைத் தாண்டினால் காட்டுப்பள்ளி. கிழக்கே வங்காள விரிகுடா. மேற்கே பக்கிங்காம் கால்வாயும் கழிவெளியும். தெற்கே கொசஸ்தலை ஆறு கடலில் விழும் இடம். வடக்கே போனால் பழவேற்காடு ஏரி. சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி ஏரி அதுதான். கடலுக்கும் உள்நீருக்கும் நடுவே நீளமாகக் கிடக்கும் மணல் திட்டில் வரிசையாக ஊர்கள்: காட்டுப்பள்ளி, களாஞ்சி, கருங்காலி, கோரைக்குப்பம், வைரவன்குப்பம், லைட் ஹவுஸ் குப்பம் என்று. பெரும்பாலும் மீன்பிடித்துப் பிழைக்கும் ஊர்கள். இங்கே வீடு கட்டுபவர் பக்கத்து வீட்டிலிருந்து எத்தனை அடி தள்ளுவது என்று கவலைப்படுவதில்லை. கடலிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளுவது என்பதுதான் கேள்வி.

கடலுக்குச் செட்பேக் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1981 நவம்பரில் அன்றைய பிரதமர் இந்திரா காந்தி கடலோர மாநில முதல்வர்களுக்குக் கடிதம் எழுதினார். ஓதம் ஏறும் உச்சக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரையைக் கட்டடங்கள் இல்லாமல் காக்க வேண்டும் என்பது அதன் சாரம். பத்து வருடம் கழித்து, 1991 பிப்ரவரி 19 அன்று, அது கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையாக மாறியது. சி.ஆர்.இசட். என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். பிறகு 2011-ல் ஒன்று, 2019-ல் ஒன்று என்று இரண்டு முறை முழுதாகத் திருத்தி எழுதினார்கள்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய ஏற்றத்தில் தண்ணீர் எதுவரை வருகிறதோ அதுதான் உயர் ஓதக் கோடு. அங்கிருந்துதான் எல்லா அளவும். கிராமப்புறக் கடற்கரைகளில் முதல் 200 மீட்டர் வளர்ச்சி தடைசெய்யப்பட்ட பகுதி. 1991 விதிப்படி அங்கே புதுக் கட்டடம் கூடாது. ஏற்கெனவே அனுமதியுடன் இருக்கும் கட்டடத்தைப் பழுது பார்க்கலாம், ஆனால் அடித்தளப் பரப்பு கூடக் கூடாது. 200-லிருந்து 500 மீட்டர் வரை, மரபு உரிமை உள்ள மீனவ கிராமங்களில் வீடு கட்டலாம். அதற்கும் நிபந்தனை: உயரம் 9 மீட்டருக்குள், தரைத்தளமும் ஒரு மாடியும் மட்டும், எல்லாத் தளமும் சேர்த்து மனையில் 33 சதவீதம் மட்டும், ஊரில் மொத்த வீடுகள் ஏற்கெனவே இருந்ததைப் போல இரண்டு மடங்குக்குள்.

இப்போது அந்த 4,800 சதுர அடியை எடுத்துக்கொள்ளுங்கள். அதே ஒரு கிரவுண்டு மனை 33 சதவீதக் கணக்கில் 792 சதுர அடி ஆகிவிடும். குப்பத்தில் ஒரு கிரவுண்டு வைத்திருப்பவர் யார்? 3 சென்ட் என்று வைத்தால் 431 சதுர அடி. கீழும் மேலும் பிரித்தால் தளத்துக்கு ஓர் அறையும் சமையல் இடமும் வரும், அவ்வளவுதான். 2011 அறிவிக்கை இந்த 33 சதவீதத்தையும் இரண்டு மடங்கு நிபந்தனையையும் எடுத்துவிட்டு, உள்ளூர்க் கட்டட விதிகளைப் பின்பற்றச் சொன்னது. 9 மீட்டரும் இரண்டு தளமும் அப்படியே இருந்தன. கூடவே, மீனவர் போன்ற கடலோர மக்களுக்கு 100-க்கும் 200-க்கும் நடுவிலும் திட்டமிட்டு வீட்டுக்கு அனுமதி தரலாம் என்றது. கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைத்தது எனலாம்.

ஆனால் காட்டுப்பள்ளி மாதிரி ஒரு மணல் திட்டில் கடல் ஒரு பக்கம் மட்டும் இல்லையே! ஓதம் ஏறி இறங்கும் கழி, கால்வாய், ஏரி எல்லாவற்றுக்கும் தனியாக ஒரு செட்பேக் உண்டு. 2011 விதிப்படி 100 மீட்டர், அல்லது அந்த நீர்நிலையின் அகலம், எது குறைவோ அது. 600 மீட்டர் அகலமுள்ள ஒரு திட்டைக் கற்பனை செய்து பாருங்கள். கடல் பக்கம் 200 போச்சு. ஏரிப் பக்கம் 100 போச்சு. நடுவில் மிச்சம் 300. அதிலும் கடலிலிருந்து 500 மீட்டர், ஏரியிலிருந்து 100 மீட்டர் என்று மண்டலத்தின் எல்லையைப் போட்டால் 600 மீட்டரும் முடிந்துவிடும். ஒரு சாண் இடம்கூட விதிக்கு வெளியே கிடையாது. மணல் மேடு, அலையாத்திக் காடு, சேற்றுப் படுகை இருக்கும் இடங்களுக்கு இன்னும் கடுமையான முதல் வகைப் பாதுகாப்பு தனி. பழவேற்காடு பறவைகள் சரணாலயம் இருப்பதால் வனத்துறை விதிகளும் சேரும்.

இந்தக் கணக்கு ஒரு குடும்பத்துக்குள் எப்படி இறங்குகிறது என்று யோசித்துப் பார்க்கலாம். கணவன், மனைவி, இரண்டு மகன்கள். வீடு கரையிலிருந்து 150 மீட்டரில். மூத்தவனுக்குக் கல்யாணம் ஆகிறது. ஓர் அறை வேண்டும். பக்கவாட்டில் இழுத்துக் கட்டினால் அடித்தளம் கூடிவிடும். மேலே மாடி போடலாம் என்றால் ஓலை, ஆஸ்பெஸ்டாஸ் கூரைச் சுவர் தாங்காது. இடித்துக் கட்டலாம் என்றால், "ஏம்மா, இந்த வீட்டுக்கு அப்ரூவல் இருக்கா? பட்டா இருக்கா?" என்று முதல் கேள்வி வரும். "எங்க மாமியாருக்கு மாமியார் காலத்துலேருந்து இங்கதான் சார் இருக்கோம்" என்பது பதில். அது உண்மையான பதில்தான், ஆனால் விதிப்புத்தகத்தில் அதை எழுத ஒரு கட்டம் இல்லை. "அனுமதி பெற்ற கட்டடம்" என்ற ஒரு சொல்லில் புறம்போக்கில் தலைமுறையாக இருப்பவர்கள் எல்லாம் வெளியே விழுந்துவிடுகிறார்கள். விதி உலகத்துக்கெல்லாம் ஒன்றுதான், பேப்பர் இருப்பவருக்கு மட்டும் அது வேலை செய்கிறது.

அப்படியானால் உள்ளே தள்ளிப் போய் வீடு கட்டிக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்கலாம். சுனாமிக்குப் பிறகு அரசாங்கமும் அதைத்தான் கேட்டது. 2004 டிசம்பர் 26-க்குப் பின், 2005 மார்ச்சில் தமிழக அரசு அரசாணை 172-ஐ வெளியிட்டது. 200 மீட்டருக்குள் வீட்டை இழந்தவர்கள் அதற்கு அப்பால் வந்தால் சுமார் ஒன்றரை லட்சம் ரூபாய் மதிப்பில் இலவச வீடு. வரமாட்டேன் என்றால் இருக்கிற இடத்திலேயே சொந்தச் செலவில் பழுது பார்த்துக்கொள்ளலாம், அரசு உதவி கிடையாது. தமிழகக் கரை முழுக்க இதன்படி புதுக் குடியிருப்புகள் எழுந்தன. அடுத்த அலையில் உயிர் போகக் கூடாது என்ற அக்கறை அதில் இருந்தது, மறுக்க முடியாது. ஆனால் மீனவர் வீடு படுத்துத் தூங்க மட்டும் இல்லை. விடியற்காலை எழுந்து நீரோட்டம், காற்று, தண்ணீரின் நிறம் பார்த்துத்தான் கடலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள். ஃபைபர் படகும் எஞ்சினும் வலையும் லட்சக்கணக்கில் மதிப்புள்ளவை, கண் பார்வையில் இருக்க வேண்டும். பெண்கள் கருவாடு காய வைக்க வாசலும் வெயிலும் மணலும் வேண்டும். அதை ஒரு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் வரிசை வீட்டில் செய்ய முடியாது. குப்பத்து வீட்டின் பாதி வெளியேதான் இருக்கிறது. தளப் பரப்புக் குறியீடு கூரைக்குக் கீழே உள்ளதை மட்டும் அளக்கும்.

இங்கேதான் விஷயம் கசக்க ஆரம்பிக்கிறது. இதே கரையில் எண்ணூர்த் துறைமுகம் 2001-ல் வந்தது, இப்போது காமராஜர் துறைமுகம். 2010-ல் காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. எல் அண்ட் டி கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் அமைவதற்காகக் காட்டுப்பள்ளிக் குப்பத்து மீனவக் குடும்பங்கள் 2008-ஐ ஒட்டி இடம் மாற வேண்டியிருந்தது. அந்தத் துறைமுகம் 2013-ல் இயங்கத் தொடங்கி, 2018-ல் அதானி குழுமத்தின் கைக்குப் போனது. இவையெல்லாம் விதியை மீறியவை என்று சொல்ல வரவில்லை. விதியிலேயே இடம் இருக்கிறது. கடல்முனை இல்லாமல் நடக்க முடியாத தொழிலுக்கு, உரிய அனுமதி வாங்கினால், 200 மீட்டர் தடை கிடையாது. துறைமுகத்தை ஊருக்குள் கட்ட முடியாது, வாஸ்தவம். மீன்பிடித் துறை, வலை பின்னும் கூடம், மீன் உலர்த்தும் இடம் இவற்றுக்கும் விதியில் சலுகை உண்டு. ஆனால் மீனவர் குடியிருப்பு என்று வரும்போது மட்டும், கடல்முனை இல்லாமல் இந்த வாழ்க்கை நடக்காது என்ற வாதம் சட்டென்று மறந்துபோகிறது.

சுமார் 330 ஏக்கர் துறைமுகத்தை 6,111 ஏக்கராக விரிக்கும் திட்டம் ஒன்று பின்னர் வந்தது. அதில் ஏறக்குறைய 2,000 ஏக்கர் கடலைத் தூர்த்து எடுப்பதாகச் சொல்லப்பட்டது. 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் வைத்த பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் இரண்டும் நடக்காமல் தள்ளிப்போயின. எதிர்த்த ஊர்க்காரர்களின் முக்கியமான பயம் மணல்.

அந்தப் பயத்துக்கு அறிவியல் காரணம் இருக்கிறது. இந்தக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலை மணலை வடக்கே தள்ளுகிறது, வடகிழக்குப் பருவத்தில் தெற்கே தள்ளுகிறது. வருடக் கணக்கில் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். நடுவில் கடலுக்குள் கல் சுவர் நீட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகத்தைக் கட்டியதால் தெற்கே மெரினா அகலமானதும், வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்க் கரை கரைந்ததும் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம். காட்டுப்பள்ளிக்கு வடக்கே பழவேற்காடு வரை குப்பங்கள்தான் இருக்கின்றன.

இதைச் செட்பேக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். நகரத்தில் மனையின் எல்லைக் கல் நகராது. கடற்கரையில் எல்லைக் கோடே தண்ணீர். கரையிலிருந்து 210 மீட்டரில் முறையாக அனுமதி வாங்கி ஒருவர் வீடு கட்டியிருக்கிறார். கடல் 20 மீட்டர் உள்ளே வந்துவிடுகிறது. அடுத்த முறை கோட்டை அளந்தால் அவர் 190-ல் இருப்பார். வீடு ஓர் அங்குலம் நகரவில்லை, ஆனால் தடைப் பகுதிக்குள் வந்துவிட்டது! கரையை அரிக்கச் செய்தது யார் என்ற கேள்வி அந்தக் குடும்பத்தின் பிளான் அப்ரூவலில் எங்கும் வராது.

2019 அறிவிக்கை இதையெல்லாம் சரி செய்ததா? ஓரளவு. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் கிராமப்புறக் கரையில் 200 மீட்டர் தடை 50 மீட்டராகக் குறைந்தது. அதுவும் புதிய கடலோர மேலாண்மைத் திட்டம் மக்களிடம் கருத்துக் கேட்டு அங்கீகரிக்கப்பட்ட பிறகுதான். கழி ஓரங்களிலும் 100 மீட்டர் 50 ஆனது. 1994-ல் இதே மாதிரி 50 மீட்டராகக் குறைத்ததை 1996-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்திருந்தது என்பது இதில் ஒரு வேடிக்கை. வீடு கட்ட இடம் கிடைத்தது நல்லதுதானே, பிறகு ஏன் மீனவர் அமைப்புகள் பலவும் இதை எதிர்த்தன? ஏனென்றால் 50 மீட்டர் தாண்டிக் குப்பத்துக்காரர் மட்டும் வரப்போவதில்லை. ரிசார்ட்டும் வரும். உயர் ஓதக் கோட்டிலிருந்து 10 மீட்டரிலேயே தற்காலிகச் சுற்றுலாக் குடில்கள் போடவும் அந்த அறிவிக்கை இடம் தருகிறது. கருவாட்டுக்கு வேண்டிய அதே மணல்!

விதி பெரியவர்கள் மேல் பாயவே பாயாது என்றும் சொல்ல முடியாது. கேரளத்தில் மரடு என்ற இடத்தில் காயலோரம் விதி மீறிக் கட்டிய நான்கு அடுக்குமாடி வளாகங்களை, 2019-ல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவின்படி, 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அங்கே வீடு வாங்கியவர்களுக்கு இடைக்கால இழப்பீடாக 25 லட்சம் ரூபாய் வரை தரச் சொன்னது நீதிமன்றம். அவர்களிடம் பத்திரம் இருந்தது, இழப்பைக் காட்ட முடிந்தது. பட்டா இல்லாத குப்பத்து வீடு கடலில் விழுந்தால் எதைக் காட்டுவது?

பழவேற்காட்டு மீனவர்களுக்கு விதி என்பதே புதிதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஏரியில் இறால் பிடிக்க அவர்களிடம் பாடு என்ற முறை இருக்கிறது. எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். நல்ல இடம் ஒருவருக்கே நிரந்தரமாகப் போகாது. அதில் குறையும் உண்டு. பட்டினவர் ஊர்களுக்கு மட்டும் உரியதாக இருந்த அந்த முறையில் ஏரியை நம்பிய மற்றவர்களுக்கு இடமில்லாமல் தகராறும் வந்திருக்கிறது. ஆனாலும் ஒன்று கவனிக்க வேண்டும். தண்ணீர் மாறும், மணல் நகரும் என்று தெரிந்தவர்கள் எழுதிய விதி அது. அதனால் உரிமையை ஓரிடத்தில் ஆணி அடித்து வைக்காமல் சுற்றி வர விட்டார்கள். கோடு போட்டுவிட்டு அது அங்கேயே நிற்கும் என்று நம்பவில்லை.

எழுதப்பட்ட விதியிலும் நல்லது ஒன்று தூங்கிக்கொண்டிருக்கிறது. கிராம அளவிலான வரைபடத்தில் மீனவ கிராமங்கள், அவர்களின் பொது இடங்கள், மீன் உலர்த்தும் களங்கள், படகுத் துறைகள், பள்ளிக்கூடம், சாலை எல்லாவற்றையும் குறிக்க வேண்டும் என்று 2011 அறிவிக்கை சொன்னது. அதோடு நிற்காமல், குடும்பங்கள் பெருகுவதைக் கணக்கில் எடுத்து மீனவர்களுக்கு நீண்டகால வீட்டுவசதித் திட்டம் மாநில அரசு தயாரிக்க வேண்டும் என்றும் சொன்னது. அதாவது அந்த மூத்த மகனின் அறைக்கு எங்கே இடம் என்று முன்கூட்டியே யோசித்து வைக்கச் சொன்னது. வரைபடத்தில் வெறும் மணல் என்று இருந்தால் அது காலி இடம். கருவாட்டுக் களம் என்று இருந்தால் அது ஓர் ஊரின் சொத்து. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு வரிதான், ஆனால் நாளைக்கு யார் வந்து கேட்டாலும் காட்டுவதற்கு அந்த ஒரு வரி வேண்டும்.

ஆகவே கடற்கரையை விட்டுத் தள்ளிக் கட்டு என்ற விதி தேவையில்லை என்று முடிவுக்கு வந்துவிடக் கூடாது. அது இல்லையென்றால் பழவேற்காடு வரை ரிசார்ட்டும் குடோனும் வந்து, படகு ஏற்ற இடமே இருக்காது. கேட்க வேண்டியது வேறு. குப்பத்தின் வரைபடம் எப்படி இருக்கிறது, அதில் யார் எதைக் குறித்தார்கள், வீட்டுவசதித் திட்டம் போட்டார்களா என்பதுதான். இந்த வரைபடங்களைத் தயாரிக்கும்போது மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்று விதி இருக்கிறது. உங்கள் ஊர் கடலோரம் என்றால் கிராம சபையில் அந்த வரைபடத்தை விரித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் வீடு அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு வாசலில் வலை காயும் இடமும் இருக்கிறதா என்று பாருங்கள்.